நான் வந்த வேகத்தை நீதிமன்றத்தில் படமாகக் காட்டியது பற்றி

லிப்னித்சா,
ஜூலை 3, வியாழக்கிழமை

பெருமதிப்புக்குரிய சகலை வெலிகோ அவர்களுக்கு,

ஸ்தாமென் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பென்காவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்காலும், தோன்காவின் ரத்த அழுத்தமும், வார்னாவின் கடற்காற்றும் தத்தம் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன். போன வியாழக்கிழமை நீங்கள் போனில் "ஒரே வார்த்தையில சொல்லு, ஜெயிச்சியா தோத்தியா?" என்று கேட்டபோது நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டது மரியாதைக் குறைவுதான். மன்னிக்கவேண்டும். ஒரே வார்த்தையில் சொல்லப்போனால் "பார்த்தேன்" என்றுதான் சொல்லியிருப்பேன். அது உங்களுக்குப் புரிந்திருக்காது, நீங்கள் இன்னொரு தடவை கேட்டிருப்பீர்கள், நான் அழுதிருப்பேன், தோன்கா பக்கத்தில் நின்று கேட்டிருப்பாள். அதனால்தான் கடிதம். அதுவுமில்லாமல், எனக்காக நீங்கள் நீதிமன்றத்துக்கு ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்தீர்கள். "முப்பத்துநான்கு ஆண்டுகள் ரயில் நிலைய அதிகாரியாக இருந்த என் சகலையைவிட நிதானமான மனிதரை நான் கண்டதில்லை, அவர் காரை ஒரு சைக்கிள் தாண்டிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்" என்று. அதை அங்கே சத்தமாக வாசித்தார்கள். ஆகவே உங்களுக்கு விளக்கம் சொல்ல நான் கடமைப்பட்டவன்.

நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான். போன வருடம் ஜூன் மாதம் பென்கா உங்கள் வீட்டுக்கு வரக் கிளம்பினாளே, அந்தக் காலை. ரயில் 6.14. இங்கிருந்து நகரத்து நிலையம் பதினோரு கிலோமீட்டர். சரியாக 5.40க்குப் புறப்பட்டோம். தெருமுனை தாண்டியதும் பென்காவுக்கு அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால் அணைந்துதான் இருந்தது. மறுபடி கிளம்பிப் பாதி வழி போனபிறகு, தோன்காவுக்காகப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா தட்டு மடியில் இல்லை, அணைந்த அந்த அடுப்பின்மேலேயே இருக்கிறது என்று தெரிந்தது. மறுபடி திரும்பினோம். கடைசியாகக் கிளம்பும்போது மணி 6.01. ரயில் நிலையத்துக்குத் தாமதமாகப் போகும் ஓய்வுபெற்ற நிலைய அதிகாரி எப்படி இருப்பான் என்று நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். எனக்குக் கீழே கொடி பிடித்தவர்களெல்லாம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு முதலில் பெரிய கடிகாரத்தையும் அப்புறம் என்னையும் பார்ப்பார்கள். ஆனாலும் நான் அவசரப்படவில்லை என்றுதான் எனக்கு நினைவு. வால்நட் தோப்புக்குக் கீழே பள்ளத்தில் மூடுபனி நின்றது. அந்தப் பனிக்குள்ளிருந்து, விளக்கு இல்லாமல், பக்கத்துச் சந்திலிருந்து கெராசிமின் சின்ன லாரி பாய்ந்து வந்தது. வேலமர வனத்திலிருந்து, அடுத்துப் பூக்கும் லிண்டன் மர வனத்துக்குப் பதினோரு தேன்பெட்டிகளை மாற்றிக்கொண்டிருந்தான். மோதினோம். கெராசிமுக்குக் காறை எலும்பும் இடது காலும் முறிந்தன. எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம். பென்காவுக்கு ஒன்றும் இல்லை, பனித்சாவுக்கும் ஒன்றும் இல்லை. பதினோரு பெட்டிகளில் ஒன்பது பிளந்துவிட்டன. ஆம்புலன்ஸ் கெராசிமை ஏற்றிக்கொண்டு போனது, கூடவே சில நூறு தேனீக்களும் போயின. போலீஸ்காரர் இறங்கிய வேகத்தில் எங்கள் காருக்குள் ஏறிக் கண்ணாடிகளை மூடிக்கொண்டார். மூன்று பேரும் ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். தோன்காவின் பனித்சா என்ன ஆயிற்று என்பதற்கு இதுவே பதில்.

அன்றிலிருந்து ஒரு வருடமாக ஊரில் இரண்டு கதைகள். என் கதையில் நான் நாற்பத்தைந்தில் போனேன், அவன் விளக்குப் போடவில்லை. அவன் கதையில் அவன் விளக்குப் போட்டிருந்தான், சந்துமுனையில் நிற்கவேண்டிய வெள்ளைக் கோட்டில் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தான், நான் விமானம் போல வந்தேன். நான் என் கதையை மதுக்கடையில் சொன்னேன், முடிதிருத்தும் கடையில் சொன்னேன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாய் திறந்தபடியே சொன்னேன். நாற்பத்தைந்தில் தொடங்கிய வேகம் கிறிஸ்துமஸுக்குள் நாற்பதாயிற்று, ஈஸ்டருக்குள் முப்பத்தைந்தாயிற்று. பென்கா ஒருநாள் என் தட்டில் சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"இன்னும் ஒரு பண்டிகை வரட்டும் ஸ்தாமென், நாம வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டோம்."

நான் பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள், சகலை. எனக்கு அப்படித்தான் நினைவிருந்தது. கண்ணை மூடினால் பனி, இருட்டு, திடீரென்று ஒரு கறுப்பு முட்டு. விளக்கே இல்லை. அதனால் கெராசிமைப் பொய்யன் என்றேன். முதலில் அவன் இல்லாத இடத்தில் சொன்னேன். பிறகு பிப்ரவரியில், தேனுக்கு ஆசி வழங்கும் நாளில், கோயில் வாசலிலேயே அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நீ ரயிலுக்குத்தான் பச்சைக்கொடி காட்டுனவன் ஸ்டேஷன் மாஸ்டரே, உண்மைக்கு இல்ல" என்றான். அவன் மனைவி செவ்தா கூடையிலிருந்து எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு சீசா தேன் கொடுத்துக்கொண்டே வந்தாள். பென்காவின் முன்னால் வந்ததும் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தாண்டிப் போனாள். பென்கா வீட்டுக்கு வந்து தேநீரில் சர்க்கரை போட்டுக் குடித்தாள். தப்பு அவனுடையது என்று தீர்ந்தால் அவனுக்கு ஒன்பது பெட்டிக்கும் காலுக்கும் எதுவும் கிடைக்காது, வண்டி ஓட்டும் உரிமமும் போகும். உரிமம் இல்லாத தேனீக்காரன் பூக்களைத் தேடி எப்படிப் போவான்? தப்பு என்னுடையது என்றால் நான் குற்றவாளி, அறுபத்தேழு வயதில். இப்படியாக இரண்டு கிழவர்களில் ஒருவன் கெட்டொழிய வேண்டும் என்கிற நிலைமையில் வழக்கு நின்றது.

மார்ச் மாதத்தில் என் வக்கீல் போஜிதார் வந்து, நீதிமன்றம் ஒரு நிபுணரை நியமித்திருப்பதாகவும், விபத்தை அவர் கணினியில் படமாக வரைந்து காட்டப்போவதாகவும் சொன்னார். "கார்ட்டூனா?" என்று கேட்டேன். "அப்படித்தான் வச்சுக்கோங்களேன்" என்றார். நான் சிரித்தேன். நிபுணர் தலைநகர் சோபியாவிலிருந்து வந்து இறங்கியபோது இன்னும் அதிகமாகச் சிரித்தேன். இஸ்க்ரா என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது, ஓட்டப்பந்தயக் காலணி, முதுகில் பை. பள்ளத்துச் சாலையில் ஒரு முக்காலியை ஊன்றி அதன்மேல் ஒரு கருவியைச் சுழலவிட்டாள். அது வால்நட் மரங்களையும் வேலியையும் சாய்ந்து கிடக்கும் 'நில்' பலகையையும் ஒரு இலை விடாமல் எண்ணுவதாகச் சொன்னாள். அப்புறம் என் காருக்குள் என்னை உட்காரவைத்து, தரையிலிருந்து என் கண் எவ்வளவு உயரம் என்று அளந்தாள். அறுபத்தேழு வருடத்தில் என் கண்ணின் உயரத்தை யாரும் கேட்டதில்லை. பென்காவிடம் எடை கேட்டாள்.

"அறுபதுன்னு போட்டுக்கோ, கண்ணு" என்றாள் பென்கா.

இஸ்க்ரா காரின் முன்சீட்டுக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். நீதிமன்றத்தில் அறிக்கையை வாசிக்கும்போது, "முன்னிருக்கைப் பயணி, எண்பத்திரண்டு கிலோ" என்றாள். பென்கா எழுந்து நின்றே விட்டாள். "யார் சொன்னது?" என்றாள். "உங்க சீட்டு ஸ்பிரிங் சொல்லிச்சு அம்மா" என்றாள் அந்தப் பெண், வருத்தத்தோடு. சகலை, என் சிரிப்பு அங்கேதான் நின்றது. ஒரு ஸ்பிரிங்கிடம் பேசி உண்மையை வாங்கத் தெரிந்தவள் என்னிடம் எதையெல்லாம் வாங்குவாளோ என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

நீதிமன்ற அறையில் வெள்ளைத் திரையைத் தொங்கவிட்டுத் திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். வெளிநாட்டில் படித்த பெண் என்பதால் இஸ்க்ரா "ஆமாம்" என்பதற்கு மேலும் கீழும் தலையாட்டினாள், நம் நாட்டிலோ அதற்கு "இல்லை" என்று அர்த்தம். நீதிபதி அம்மாள் "தயாரா?" என்று கேட்டதும் அவள் அப்படி ஆட்டவே, "இல்லையா? அப்ப எப்பத் தொடங்குவீங்க?" என்று அம்மாள் கடிந்துகொண்டார். அந்தக் குழப்பம் தீர்ந்தபிறகு விளக்குகள் அணைந்தன.

முதலில் வானத்திலிருந்து. நம் சாலை, சகலை. நாற்பது வருடமாக நான் போய்வருகிற சாலை, மேல்சட்டையில் விழுந்த நூல் போலக் கிடந்தது. வயல்கள் சாம்பல் நிறம், தோப்பு கொஞ்சம் கருஞ்சாம்பல். பள்ளத்தில் பனி. அந்தப் பனியைக்கூட அவள் தானாகப் போடவில்லை. அன்று காலை எவ்வளவு அடர்த்தி என்று வானிலை ஆட்களிடம் கேட்டு வாங்கி அந்த அளவுக்கு ஊற்றியிருந்தாள். பிறகு மேலே ஒரு ஓரத்தில் ஒரு கட்டி நகர்ந்தது. சோப்புக் கட்டி போல, வெள்ளையாக. அது நான். உள்ளே இரண்டு பொம்மைகள், முகம் இல்லை, கண் இல்லை, வாய் இல்லை, தலைமுடியும் இல்லை. "நான் மொட்டையா?" என்று பென்கா என் காதில் கேட்டாள். இன்னொரு ஓரத்தில் பழுப்புக் கட்டி ஒன்று, முதுகில் பதினோரு சதுரங்களோடு மெதுவாக வந்தது. மூலையில் எண்கள் ஓடின. மோதலுக்கு முன் நான்கு புள்ளி ஏழு விநாடி. நான் வாழ்நாள் முழுக்க நிமிடங்களை ஆண்டவன். ரயில் இரண்டு நிமிடம் தாமதம் என்றால் நோட்டில் எழுதி விளக்கம் கேட்டவன். ஒரு விநாடிக்குள் நூறு அறைகள் இருக்கின்றன, ஒவ்வொரு அறையிலும் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினாள். இரண்டு கட்டிகளும் நெருங்கின. படத்தில் சத்தமே கிடையாது. என் காரின் மூக்கு அவன் கதவுக்குள் மெல்ல, மிக மெல்ல, வெண்ணெய்க்குள் விரல் போவது போலப் போனது. கண்ணாடித் துண்டுகள் காற்றில் எழுந்து அங்கேயே நின்றன. பெட்டிகளின் மூடிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. முகமில்லாத கெராசிம் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். அவன் காறை எலும்பு எங்கே முறிந்ததோ அங்கே படம் நின்றது. யாரோ விசும்பினார்கள். செவ்தாவாக இருக்கும் என்று நினைத்தேன். நான்தான்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தேனீக்கள் எங்கேம்மா?" என்று கேட்டார்.

"தேனீக்களுக்கு அளவு எதுவும் பதிவாகல. அளவு இல்லாதத நான் போடமாட்டேன்" என்றாள் இஸ்க்ரா.

நான் அந்தப் பதிலுக்காகவே அவளை வணங்கியிருப்பேன். ஒரு வருடமாக நாங்கள் எல்லோரும் அளவே இல்லாததை மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்தாள். கெராசிமின் லாரியில் உடைந்த முகப்பு விளக்கின் பல்பு, என் நகத்தளவு. அதன் இழையைப் பெரிதாக்கித் திரையில் போட்டாள். எரியாத பல்பு அடிபட்டால் இழை கண்ணாடிக் குச்சி போலப் பட்டென்று ஒடியும், எரிந்துகொண்டிருக்கும் பல்பு அடிபட்டால் சூட்டில் இளகிய இழை பாகு போல இழுபட்டு வளையும் என்றாள். திரையில் இருந்தது வளைந்து, நீண்டு, வால் போல இழுபட்டுக் கிடந்தது. "விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தது" என்றாள். அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. வலது வரிசையில் உட்கார்ந்திருந்த கெராசிமை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கோயில் வாசலில் சொன்ன சொல் என் வாய்க்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

வேகம் எழுபத்தொன்று. சாலையில் இருந்த இருபத்திரண்டு மீட்டர் டயர் தடத்திலிருந்து அவள் கணக்குப் போட்டிருந்தாள். அங்கே ஐம்பதுக்குமேல் போகக்கூடாது. உங்கள் நற்சான்றில் இருந்த சைக்கிள் அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். கெராசிமையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவன் கோட்டில் நிற்கவே இல்லை, பதினோரு கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு வந்திருக்கிறான். அவன் மண்டையைச் சொறிந்துகொண்டு, "நின்னேனே" என்றான். "நிக்கல ஐயா" என்றாள். அவன் படத்தை அண்ணாந்து பார்த்தான், பிறகு தன் இரண்டு பாதங்களையும் குனிந்து பார்த்தான், அவை தன்னிடம் சொல்லாமல் ஏதோ செய்துவிட்டதைப் போல.

வக்கீல் போஜிதார் எழுந்து, இத்தனை பனியில் என் கட்சிக்காரர் விளக்கை எப்படிப் பார்த்திருக்க முடியும் என்று கேட்டார். நல்ல கேள்வி என்று எனக்கும் பட்டது. இஸ்க்ரா ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் திடீரென்று என் கண்ணுக்குள்ளிருந்து தெரிவது வந்துவிட்டது. நான் சொல்வது மிகையில்லை. என் ஸ்டியரிங், என் காரின் முன்பக்கம், அளந்தாளே அந்த உயரம், அதே உயரத்திலிருந்து சாலை என்னை நோக்கி ஓடிவந்தது. எண்பத்தைந்து மீட்டர் தூரத்தில், பனிக்குள் இரண்டு மங்கலான மஞ்சள் புள்ளிகள். இருந்தன, சகலை. ஊரே பார்த்தது. புள்ளிகள் தெரிந்த பிறகும் கார் அதே வேகத்தில் போனது. ஒரு விநாடி. இரண்டு விநாடி. அதற்குப் பிறகுதான் நான் எதையோ உணர்ந்திருக்கிறேன், பிறகுதான் பிரேக். நீதிபதி அம்மாள் கேட்டார்:

"இந்த ரெண்டு விநாடி அவர் என்ன பண்ணிக்கிட்டு இருந்தார்?"

"அது படத்துக்குத் தெரியாது" என்றாள் இஸ்க்ரா.

அப்போது பனிக்கு மேலே, இடது பக்கமாக, ஒரு சாம்பல் கட்டை நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அது நகரத்து மணிக்கூண்டு. வளைவு திரும்பியதும் மரங்களுக்கு நடுவே தெரியுமே, அது. முள் கிடையாது, எண் கிடையாது, வெறும் கட்டை. அதைப் பார்த்த மாத்திரத்தில் என் கழுத்து தானாக இடதுபக்கம் திரும்பியது. அந்த நாற்காலியில், இருட்டில், எல்லோர் முன்னிலையிலும் திரும்பிவிட்டது. முப்பத்துநான்கு வருடமாக எங்கே கடிகாரம் தெரிந்தாலும் திரும்பிய கழுத்து. உடம்புக்கு நினைவிருந்ததை நான் ஒரு வருடமாகக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் இஸ்க்ரா கடைசியாக ஒன்றைக் காட்டிவிட்டாள். அதைப் பற்றி எழுதும்போது இப்போதும் பேனா நிற்கிறது. அதே சாலை, அதே பனி, அதே இரண்டு கட்டிகள். "ஸ்தாமென் ஐயா ஐம்பதுல வந்து, விளக்கைப் பார்த்ததும் பிரேக் போட்டிருந்தா" என்றாள். வெள்ளைக் கட்டி வந்தது. வேகம் குறைந்தது. சந்துக்கு முன்னால் நின்றது. பழுப்புக் கட்டி, பதினோரு பெட்டிகளோடு, எங்கள் மூக்குக்கு முன்னால் பொறுமையாகக் கடந்து, லிண்டன் வனம் இருக்கும் பக்கமாகத் திரும்பி, பனிக்குள் போய்விட்டது. ஒரு மூடிகூடத் திறக்கவில்லை. அதன்பிறகு வெள்ளைக் கட்டி மட்டும் சாலையில் நின்றது, உள்ளே முகமில்லாத இரண்டு பேர், அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர்கள் போல. இப்படி ஒரு காலை இருந்திருக்கலாம். அது இங்கேயே, எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. பென்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

நான் எழுந்தேன். போஜிதார் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க, உக்காருங்க, இன்னும் கேள்வி இருக்கு" என்றார். நான் சொன்னேன்:

"நான் மணிக்கூண்டைப் பார்த்தேன், அம்மா. கெராசிம் விளக்குப் போட்டிருந்தான். நான் மணி பார்த்துக்கிட்டு இருந்தேன்."

உடனே பென்காவும் எழுந்துவிட்டாள். "நான்தான் மணி என்னன்னு கேட்டேன். தேவைப்பட்டா அதையும் எழுதிக்குங்க. எண்பத்திரண்டு கிலோன்னு எழுதினீங்கள்ல, இதையும் எழுதுங்க" என்றாள். முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்வில் அவள் எனக்காகச் செய்த எத்தனையோ காரியங்களில் இதை முதலில் வைப்பேன்.

இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. எனக்கு அபராதம், ஒரு வருடம் வண்டி ஓட்டக்கூடாது. கெராசிமுக்குக் கடும் எச்சரிக்கையோடு சரி, இழப்பீட்டுக்கு அவனுக்கு வழி திறந்தாயிற்று. தண்டனை கேட்டதும் எனக்குப் பல வருடப் பல்வலி நின்றதைப் போல இருந்தது. வெளியே வராந்தாவில் அவன் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தான். நான் போய் நின்றேன். "விளக்கு எரிஞ்சுது" என்றேன்.

"எனக்குத் தெரியும். நான்தானே போட்டேன்" என்றான்.

"உன்னைப் பொய்யன்னு சொன்னேன்."

"கோயில் வாசல்ல சொன்னே. முடிவெட்டுற இடத்துலயும் சொன்னே. பல் டாக்டர் என்கிட்டயே வந்து சொன்னாரு, பாதிதான் புரிஞ்சுதுன்னு." நீட்டிய காலைத் தேய்த்துக்கொண்டான். "ஆனா நானும் நிக்கல. செவ்தா மேல சத்தியம் பண்ணிச் சொன்னேனே, நின்னேன்னு. இப்ப அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"நான் வேணா வந்து சொல்லவா?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இதுவரைக்கும் சொன்னதே போதும். கால் இன்னும் சரியாகல, பெட்டி தூக்க ஆள் இல்ல. ஒரு வருஷம் என்னைத் தூத்துன இல்ல, ஒரு வருஷம் வந்து தூக்கு. எப்படியும் நீ வண்டி ஓட்டப்போறதில்ல."

இப்படியாக, சகலை, நான்கு நாளாக நான் காலை ஐந்து மணிக்குத் தேனீக்காரன். அவன் ஓட்டுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். பள்ளத்துக் கோட்டில் வண்டியை நிறுத்தி, எஞ்சினையே அணைத்துவிட்டு, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பார்க்கிறோம். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. எனக்கு இதுவரை பத்தொன்பது கொட்டு. அதில் இரண்டு மூக்கில். எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் கட்டைவிரலில் வாங்கியது. நேற்று செவ்தா ஒரு சீசா தேனை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். பென்கா அதைத் திறக்காமல் மேசையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தோற்றேன் என்று போஜிதார் ஊரெல்லாம் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதனுக்குத் தன் வாழ்க்கையில் நான்கு புள்ளி ஏழு விநாடியை வானத்திலிருந்தும், பக்கத்திலிருந்தும், தன் கண்ணுக்குள்ளிருந்தும், நடக்காமல் போன விதத்திலும் காட்டினால் அவன் மறுபடி பழைய ஆளாக இருக்க முடியாது. மாதாகோயில் சுவரில் பெரிய கண் ஒன்று வரைந்திருப்பார்களே, எல்லாவற்றையும் பார்ப்பதாக, சின்ன வயதில் அதற்குப் பயந்திருக்கிறேன். இப்போது பயம் இல்லை. அதற்கு ஓட்டப்பந்தயக் காலணியும் முதுகுப் பையும் உண்டு, அளவில்லாததைப் போடாது. இனி நான் எதையும் நினைவிலிருந்து பேசப்போவதில்லை. அளந்ததை மட்டும்தான் நம்புவேன். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், குறிப்பாக நீங்கள் பிடிக்கும் மீன்களின் நீளத்தைப் பற்றிப் பேசும்போது.

உங்கள் பிரேக்கும் முழங்காலும் உரிய நேரத்தில் பிடிக்கட்டும். தோன்காவின் அடுப்பு எப்போதும் அணைந்தே இருக்கட்டும். உங்கள் இருவருக்கும் எல்லாத் தேவதூதர்களும் துணையிருக்க வேண்டிக்கொண்டு, பென்காவின் முத்தங்களோடு,

தங்கள் அன்புள்ள சகலை,
ஸ்தாமென்

பின்குறிப்பு (ஜூலை 9): விரல் வீக்கத்தால் கடிதத்தை உடனே தபாலில் போட முடியவில்லை. நல்லதாகப் போயிற்று. நேற்று இஸ்க்ரா போன் செய்தாள், குரலே சரியில்லை. அன்று நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்த குழாய் ரிப்பேர்க்காரர் மெத்தோதி, ஒரு வாரமாகத் தூக்கம் வராமல் கிடந்து, கடைசியில் அவளைத் தேடிப் போயிருக்கிறார். "படத்துல ரோட்டுல கறுப்பா ரெண்டு கோடு காட்டுனீங்களே, அது என் வேன் போட்டதும்மா. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு முள்ளெலி குறுக்க வந்துச்சு" என்றாராம். அவள் டயர்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டாள். அவருடையதேதான். ஆகவே இருபத்திரண்டு மீட்டர் என்னுடையது அல்ல, எழுபத்தொன்றும் அல்ல, நான்கு புள்ளி ஏழு விநாடியும் அல்ல. பல்பு மட்டும் நிற்கிறது. கெராசிம் விளக்குப் போட்டிருந்தான், அதை யாரும் ரத்து செய்ய முடியாது. மற்றதெல்லாம் செல்லாது, நவம்பரில் மறு விசாரணை, கார் நசுங்கிய ஆழத்திலிருந்து கணக்கிட்டுப் புதுப் படம். போஜிதார் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்து, மணிக்கூண்டைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கச் சொல்கிறார். பென்கா கேட்கிறாள், "நிஜமாவே பார்த்தியா, இல்ல படத்தைப் பார்த்தப்புறம் பார்த்ததா நினைச்சியா? நான் மணி கேட்டேனான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு." யோசித்துப் பார்த்தேன், சகலை. கண்ணை மூடினால் எனக்கு இப்போது தெரிவது வானத்திலிருந்து, சாம்பல் நிறத்தில், சத்தமில்லாமல்தான். மெத்தோதியின் தடத்தில் நான் வந்த அந்த வேகம்தான் என் நினைவு. வேறு எதுவும் மிச்சமில்லை. கெராசிமிடம் போய்ச் சொன்னேன். அவன் தேனீக்களுக்குப் புகை போடும் கருவியை அழுத்திக்கொண்டே, "அப்ப நான் நின்னேனா இல்லையான்னு புதுப் படத்துலயாவது தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். இரண்டு பேரும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நான் என்ன வேகத்தில் வந்தேன் என்று தெரிந்துகொள்ள எனக்கே அவ்வளவு ஆவலாக இருக்கிறது. நீங்களும் தோன்காவும் கட்டாயம் வரவேண்டும், முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன். தாமதமாக வந்தால் வானத்திலிருந்து காட்டுவதைத் தவறவிடுவீர்கள்.